நித்தியம் என்பது நாள்தோறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், கோயில் அறிவிப்புகளில் வரும் ‘நித்திய பூஜை’ என்ற தொடர் பிழையானது என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். நித்தியம் என்றால் முடிவில்லாத காலம். மனிதர் செய்யும் பூசை எதுவும் முடிவில்லாததாக இருக்க இயலாது. ஆகவே ‘தினசரி பூஜை’ என்றே அச்சிட வேண்டும் என்பது அவர் வாதம். மொழியின்மேல் உள்ள அக்கறையால் எழுதியவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் பிழை என்று அடித்த இடத்தில்தான் அந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். காவிரிக் கரையிலுள்ள ஒரு சிவாலயத்தில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். அன்றாடப் பூசைக்கு அளந்து கொடுக்கும் பொருள்களுக்கான ‘நித்தியப்படி’ என்ற கணக்குத் தலைப்பை ஒவ்வொரு நாளும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்த உரிமையில் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நித்தியம் வடமொழியின் ‘நித்ய’ என்ற சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. ஒற்றைச் சொல்லாக வந்து நின்றுவிடாமல் நித்தியம், நித்தம், நிதம், நித்தல், நிச்சல் என்று குடும்பமாகவே இங்கே வேர்பிடித்துவிட்டது. வேத மொழியில் அச்சொல்லுக்கு இருந்த பழம்பொருள் ‘தனக்குரியது, அயலார் அல்லாதது’ என்பதாகும். வீட்டைச் சேர்ந்தது, உடனிருப்பது, ஒருநாளும் விட்டுப் போகாதது என்று அப்பொருள் மெல்ல விரிந்துதான் ‘என்றும் உள்ளது’ என்ற இடத்தை அடைந்தது. தத்துவ நூலார் அந்த மேல்நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். இறைவன் நித்தியன், உயிர் நித்தியம், உடல் அநித்தியம் என்று வாதம் செய்தார்கள். மக்கள் அதன் அடிமரத்தை விடவில்லை. மதுரைக்குத் தெற்கே இன்றும் “நெதமும் இந்த வண்டியிலதான் வருவேன்” என்று சொல்லும் பூக்காரப் பெண்ணின் வாயில் இருப்பதும் அந்தச் சொல்தான். சித்தாந்த மேடையில் ஒலிக்கும் நித்தியமும் பூக்காரியின் நெதமும் வேறு வேறு சொற்கள் என்று எண்ணுவதிலிருந்துதான் அன்பரின் குழப்பம் தொடங்குகிறது.

முடிவில்லாத காலத்தையும் நாள்தோறும் என்பதையும் ஒரே சொல்லால் குறிப்பது வடமொழியிலிருந்து இறக்குமதியான வழக்கம் என்று யாரேனும் சொல்லக்கூடும். நம்முடைய ‘என்றும்’ என்ற சொல்லையே எடுத்துப் பார்க்கலாம். அன்று, இன்று, என்று ஆகிய மூன்றும் நாளைக் குறிப்பவை. “என்று வந்தாய்?” என்றால் எந்த நாளில் வந்தாய் என்று பொருள். அந்த ‘என்று’ என்பதோடு, ஒன்றும் விடாமல் எல்லாம் என்று பொருள்தரும் ‘உம்’ ஆகிய முற்றும்மை சேர்ந்தால் ‘என்றும்’. எந்த நாளை எடுத்தாலும் அந்த நாளில் உண்டு என்பதே அதன் நேர்ப்பொருள். அதை இரட்டித்தால் ‘என்றென்றும்’. ‘நாளும்’ என்ற சொல் நாள்தோறும் என்றும் பொருள்படும். எப்போதும் என்றும் பொருள்படும். யாழ்ப்பாணத்தார் ‘எந்தநாளும்’ என்று சொல்வதும் இதே அமைப்புத்தான். இல்லவே இல்லை என்பதைச் சொல்லும்போதுகூட ‘ஒருநாளும் இல்லை’ என்று நாளை வைத்துத்தான் சொல்கிறோம். எல்லையற்ற காலத்தைத் தமிழர் பேசும்போது வானத்தை அண்ணாந்து பார்த்துப் பேசவில்லை. விடிந்து அடையும் நாளை அலகாக வைத்துக்கொண்டு பேசினார்கள். நித்தியம் என்ற சொல் இங்கே இவ்வளவு எளிதாகக் குடியேறியதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இனி அந்தச் சொல் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். கோயில் கணக்கில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று நித்தியம், மற்றொன்று நைமித்திகம். காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்று ஒவ்வொரு நாளும் நடப்பவை நித்தியம். பிரதோஷம், சிவராத்திரி, ஐப்பசி அன்னாபிஷேகம், மார்கழித் திருவாதிரை போல ஒரு நிமித்தம் பற்றி வருபவை நைமித்திகம். நித்தியத்துக்கு என்னென்ன பொருள் எவ்வளவு என்று வகுத்து வைத்திருப்பதைப் படித்தரம் என்போம். காலையில் மடைப்பள்ளிக்குப் பச்சரிசி இவ்வளவு, பயறு இவ்வளவு, சந்நிதி விளக்குகளுக்கு நல்லெண்ணெய் இவ்வளவு, திரிநூல் இவ்வளவு, பால் இவ்வளவு, பூ இவ்வளவு என்று மடைப்பள்ளிப் பணியாளரான பரிசாரகர் முன்னிலையில் அளந்து கொடுத்துவிட்டு, நித்தியப்படி என்ற தலைப்பின்கீழ் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்குவேன். நேற்று எழுதியதையேதான் இன்றும் எழுத வேண்டும். அரிசியின் அளவு மாறாது. தேதி மட்டுமே மாறும். பணிக்குச் சேர்ந்த புதிதில், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதுவானேன், மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்டால் என்ன என்று எனக்கு முன்னிருந்த பெரியவரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “மொத்தமாப் போட்டா அதுக்குப் பேரு நித்தியமாடா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் இந்தச் சொல்லின் பொருளைக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

சாத்திரம் வகுத்த இலக்கணமும் அந்தப் பெரியவர் பக்கம்தான் நிற்கிறது. கருமங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று மூன்றாகப் பிரித்தவர்கள், நித்திய கருமத்துக்கு ஒரு வியப்பான அடையாளம் சொன்னார்கள். அதைச் செய்வதால் தனிப்பலன் என்று ஒன்றும் இல்லை. செய்யாமல் விட்டால் குற்றம் உண்டு. காமியம் பலனை வேண்டிச் செய்வது. பலன் கிடைத்ததும் முடிந்துவிடும். நித்தியம் எதையும் வேண்டிச் செய்வதன்று. ஆகவே அதை முடித்துவிட்டோம் என்று சொல்லும் நாளே கிடையாது. கோயிலில் ஒரு வேளை நித்திய பூசை தவறிவிட்டால் அதற்கென்று பிராயச்சித்தம் செய்த பிறகே மேற்கொண்டு நடத்த வேண்டும் என்று ஆகமங்கள் விதிப்பது இதனால்தான். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன். பெரிய கதவு சாத்தப்பட்டு, ‘பக்தர்களுக்கு அனுமதி இல்லை, நித்திய பூஜைகள் வழக்கம்போல் நடைபெறும்’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. தெருவே வெறிச்சோடிக் கிடந்த அந்த மாலையில், சாத்திய கதவுக்கு உள்ளிருந்து சாயரட்சை மணி கேட்டது. பார்க்க ஒருவரும் இல்லாத நாளிலும் நடந்தது என்பதால்தான் அது நித்தியம். ‘தினசரி’ என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கடப்பாடு அதில் இருந்திருக்காது. பால் வண்டியும் தினசரி வருகிறது. பேருந்தும் தினசரி ஓடுகிறது. வராத நாளுக்கு அவற்றிடம் பிராயச்சித்தம் கேட்பாரில்லை.

இந்த இரு பொருளும் சந்திக்கும் இடத்தை 7ஆம் நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் பாடி வைத்திருக்கிறார். ‘நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீவா, நித்தலும் எம்பிரானுடைய கோயில் புக்குப் புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு’ என்று அப்பாட்டு தொடங்குகிறது. நெஞ்சுக்கு வேண்டுவது நிலைபேறு. அழியாமல் என்றும் இருப்பது. அதற்கு அவர் காட்டும் வழி யோகமோ வாதமோ அன்று. நித்தலும் விடிவதற்கு முன் போ, கோயிலைப் பெருக்கு, மெழுகு, பூமாலை தொடு என்கிறார். முதல் வரியில் ‘நிலைபெறுமாறு’, அடுத்த வரியில் ‘நித்தலும்’. முடிவில்லாத காலம் வேண்டுமென்று கேட்டவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்த பாட்டு இது. அன்பரின் வாதப்படி நித்தலும் என்பதற்கு முடிவின்றி என்று மட்டுமே பொருள் கொண்டால் ‘புலர்வதன்முன்’ என்ற சொல் அந்தரத்தில் நிற்கும். புலர்வது நாளுக்கு ஒருமுறைதானே.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இன்னொரு சான்று உடனே நினைவுக்கு வரும். நந்தா விளக்கு, நொந்தா விளக்கு என்று அணையாத விளக்கு எரிக்க ஆடுகள் கொடுக்கும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள்; சில ஊர்களில் 90. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் 96 ஆடுகளோ 48 பசுக்களோ 16 எருமைகளோ ஒரு விளக்குக்கு ஈடாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், ஆடவல்லான் என்ற இறைவன் பெயரைத் தாங்கிய அளவையால் ‘நிசதம்’ ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நிசதம் என்றால் நாள்தோறும். உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒரு பங்கு. அந்த ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு? ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும். ஆடுகளுக்குக் கொடுத்த பெயரோ ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடுகள்!

பள்ளி மாணவனாக முதன்முதலில் இந்தத் தொடரைக் கேட்டபோது புராணத்தில் வரும் ஆடுகள் என்றே எண்ணினேன். கணக்கராக ஆன பிறகுதான் அதன் அறிவு எனக்குப் புரிந்தது. ஆடு ஒவ்வொன்றும் சாகும், மூப்படையும். அதைக் கல்லில் வெட்டியவர்கள் அறியாதவர்கள் அல்லர். கிழடு கழிந்தால் குட்டியை அதன் இடத்தில் நிறுத்தி, எண்ணிக்கை 96 என்பது குறையாமல் காப்பது இடையரின் பொறுப்பு. தனித்தனி ஆட்டுக்குச் சாவு உண்டு. மந்தைக்குச் சாவு இல்லை. அந்த மந்தையிலிருந்து பெறுவதும் மொத்தமாகப் பெறுவதன்று. ஒரு நாளைக்கு ஓர் உழக்கு மட்டும். சூரிய சந்திரர் உள்ளவரை என்ற பேரெல்லையை எழுதிய அதே கை, அதே வரியில் உழக்கு என்ற சிற்றளவையையும் எழுதியது. நித்தியத்தை இதைவிடத் துல்லியமாக விளக்கிய வேறோர் உரையை நான் கண்டதில்லை.

இந்த அறிவை நாம் எங்கே தவறவிட்டோம் என்பதற்கு என் கணக்குப் புத்தகத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். நான் பணியாற்றிய கோயிலின் அம்பாள் சந்நிதிச் சுவரில், வழவழப்பான சிறு கருங்கல் பலகை ஒன்று பதித்திருந்தது. 1960களில் ஒரு குடும்பத்தார் 500 ரூபாய் முதலீடு வைத்து, அதன் வட்டியில் ‘நித்திய தீபம்’ எரிய ஏற்படுத்திய கட்டளை, அதாவது அறக்கொடை, அது. அன்றைக்கு அந்த வட்டியில் எண்ணெய் வாங்க முடிந்திருக்கும். நான் பணியில் சேர்ந்தபோதே ஓர் ஆண்டு வட்டி இரண்டு மாத எண்ணெய்க்குப் போதவில்லை. முதல் தொகை பத்திரமாக இருந்தது. விளக்குக்கு எண்ணெய் இல்லை. பணத்தை நிலையாக வைத்தவர்கள் நாளின் அளவை மறந்துவிட்டார்கள். சோழர் காலத்தவரோ நாளின் அளவை நிலையாக வைத்து, முதல் தொகையை ஆடு, மாடு என்று பெருகும் பொருளாகக் கொடுத்தார்கள். இன்று வருமானமற்ற கோயில்களுக்காக அரசு நடத்தும் ஒருகால பூசைத் திட்டத்தின் அடிப்படையும் வைப்புநிதியின் வட்டிதான். வைப்புத் தொகை காலத்துக்குக் காலம் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் 1 லட்சம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய். நாளொன்றுக்கு 16 ரூபாயைச் சற்றே தாண்டும். நித்தியம் என்ற சொல்லைப் பலகையில் எழுதுமுன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாக் கட்டளைதாரர்களிடமும் கெஞ்சிக் கேட்டதுண்டு.

அந்த அம்பாள் சந்நிதி விளக்கு மட்டும் அணையவில்லை. அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டு வழக்கையும் அன்பர் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘நித்திய கண்டம் பூரண ஆயுசு’ என்று சொல்கிறோம். என் பாட்டிக்கு இழுப்பு நோய் இருந்தது. மழைக்காலத்தில் இரவெல்லாம் தலையணைகளை அடுக்கிவைத்து அதன்மேல் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பாள்; இன்றிரவு தாங்காது என்று வீட்டார் பலமுறை அழுததுண்டு. விடிந்ததும் எழுந்து காப்பி கேட்பாள். 90 வயதைத் தாண்டி வாழ்ந்த அவளைப் பார்த்துத்தான் ஊரார் அந்தப் பழமொழியைச் சொன்னார்கள். அங்கே நித்தியத்துக்கு முடிவில்லாதது என்று பொருள் வைத்தால், கண்டமே முடிவில்லாதது என்றாகிப் பழமொழி செத்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒரு கண்டம், ஒவ்வொரு நாளும் அதிலிருந்து ஒரு தப்புதல், அப்படித் தப்பிய நாள்களின் கூட்டுத்தொகையே பூரண ஆயுள். ‘நித்தம் சாவார்க்கு அழுவார் உண்டோ’ என்பதிலும் அதே கணக்குத்தான்.

நித்தியகல்யாணிச் செடியை எல்லோரும் அறிவோம். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து நம் வேலியோரங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் தானாக வளரும் அந்தச் செடிக்கு, ஒரு பருவம் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் பூப்பதால் அப்பெயர். சுடுகாட்டு மல்லி என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய மருந்துகள் அதிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அதன் பூ ஒவ்வொன்றும் சில நாளில் உதிர்கிறது. செடியில் பூ இல்லாத நாள் என்று ஒன்று இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையிலுள்ள திருவிடந்தையில் பெருமாளுக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று திருநாமம். காலவ முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்தார் என்பது தலபுராணம். திருமணத் தடை நீங்க வேண்டிக்கொள்வோர் இன்றும் அங்கே மாலை சாத்தி, பிரசாதமாகப் பெற்ற மாலையை அணிந்து ஒன்பது சுற்று வந்து, அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று காத்து வைக்கிறார்கள். அந்தத் திருநாமத்தை ‘முடிவில்லாத கல்யாணம்’ என்று பிரித்தால் ஊரே சிரிக்கும். நாளுக்கொரு கல்யாணம் என்றால் சின்னக் குழந்தைக்கும் விளங்கும்.

மேலான பொருளில் அந்தச் சொல்லை நம் கிறித்தவ உறவினர்கள் போற்றி வைத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் வரும் ‘நித்திய ஜீவன்’ என்ற தொடரைத் தமிழ் விவிலியம் படித்த எவரும் மறக்க மாட்டார்கள். பின்னர் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதை ‘நிலைவாழ்வு’ என்று ஆக்கியது, அழகான ஆக்கம்தான். ஆயினும் துக்க வீட்டில் கூடி நின்று செபிக்கும்போது ‘நித்திய இளைப்பாற்றி’ என்ற பழைய சொல்லே முதியவர்களின் வாயில் வருகிறது. உழைத்து ஓய்ந்த ஒருவருக்கு இளைப்பாறுதல் வேண்டுகிறவர்கள், அது ஒரு நாளும் கலையக் கூடாது என்று வேண்டுகிறார்கள். அங்கேயும் நித்தியத்துக்குள் நாள் இருக்கிறது.

‘ஊழி’ என்ற தூய தமிழ்ச் சொல்லை நித்தியத்துக்கு ஈடாக வைக்கலாம் என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஊழி மிக நெடியது. ஆனால் அது முடியும் காலம். ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்று வள்ளுவர் சான்றோரைப் பாராட்டும்போது, ஊழியே பெயர்ந்துபோகும், அப்போதும் இவர்கள் பெயர மாட்டார்கள் என்பதுதான் கருத்து. ஆகவே அது பொருந்தாது. அதைவிட அதிகமாகக் குழப்பம் விளைவிப்பது ‘நிரந்தரம்’. அந்தரம் என்றால் இடைவெளி. இடைவெளி அற்றது நிரந்தரம். இன்று அதை முடிவில்லாதது என்ற பொருளில் எல்லா அலுவலகங்களும் வழங்குகின்றன. நிரந்தர முகவரி, நிரந்தரக் கணக்கு எண், பணி நிரந்தரம். ஐந்தாண்டில் முதிர்ந்துவிடும் தொகைக்குக்கூட நிரந்தர வைப்பு என்று பெயர். தாளில் ஒருமுறை எழுதி முத்திரை குத்திவிட்டால் நிரந்தரம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நித்தியத்தை அப்படி ஒருமுறை எழுதி வைத்துவிட இயலாது.

இந்த வேறுபாட்டை ஒரு மனிதரின் உருவில் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கோயிலில் பிராகாரம் பெருக்கும் அம்மாள் ஒருவர் இருந்தார். வெள்ளி முளைக்கும் நேரத்தில் வந்துவிடுவார். தென்னை ஈர்க்குத் துடைப்பத்தின் ஓசைதான் எனக்குக் கோயில் திறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். வில்வச் சருகைத் தனியாகவும் எருக்கம்பூவைத் தனியாகவும் கூட்டி, கால் படாத இடத்தில் கொட்டுவார். மாலையில் பக்தர்கள் ஏற்றிவிட்டுப் போன அகல்கள் குளிர்ந்த பிறகு, அவற்றில் எஞ்சிய எண்ணெயை ஒவ்வொன்றாகச் சாய்த்து ஒரு பித்தளைச் செம்பில் சேர்த்து வைப்பார். வட்டி போதாத அந்த அம்பாள் சந்நிதித் தீபத்தில் மறுநாள் ஊற்றப்பட்டது அந்த எண்ணெய்தான். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. பலகையில் இருந்த பெயர் ஒரு குடும்பத்தாருடையது. விளக்கு எரிந்தது இவர் கையால். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் 22 ஆண்டுகளாகத் ‘தற்காலிகம், தினக்கூலி’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. அந்தத் தலைப்பையும் மாதந்தோறும் எழுதியவன் நான்தான். நிரந்தரம் செய்யுமாறு மூன்று முறை குறிப்பு எழுதி அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. வயது கடந்துவிட்டது என்பது கடைசிக் குறிப்புக்குக் கிடைத்த பதில். நித்தியப்படி ஏட்டின் ஒவ்வொரு பக்கமும் அவர் உழைப்பின்மேல் நின்றது, அவரோ தற்காலிகம். நித்தலும் அலகிட்டவருக்கு நிலைபேறு உண்டு என்று அப்பர் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். அதை அலுவலகத் தாளில் கொண்டுவர என்னால் முடியவில்லை என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கோயில் அறிவிப்புகளில் ‘நித்திய பூஜை’ என்று வருவதைத் தங்கள் மெய்ப்புத் திருத்துநர்கள் ‘தினசரி பூஜை’ என்று மாற்றாதிருக்க வேண்டுகிறேன். பூசை என்று எழுதுவதா பூஜை என்று எழுதுவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நித்தம், நிதம், நித்தலும் ஆகிய சொற்களைப் பேச்சுவழக்கு என்றும் செய்யுள் வழக்கு என்றும் ஒதுக்காமல் செய்திகளிலும் இடம் கொடுங்கள்; ‘தினமும்’ என்ற ஒரே சொல் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறது. புதிதாக ஒரு கட்டளை, ஓர் அன்னதானம், ஒரு தீபம் ‘நித்தியமாக’ ஏற்படுத்தப்பட்டதாகச் செய்தி வந்தால், எவ்வளவு தொகை என்பதோடு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய் என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும். அந்த நாளைக் கவனித்துக்கொள்ளும் பெருக்குபவர், மடைப்பள்ளியில் இருப்பவர், கோயிலைக் காக்கும் மெய்க்காவலர் ஆகியோர் எந்தத் தலைப்பின்கீழ்ச் சம்பளம் பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால், செய்தியில் வரும் நித்தியம் என்ற சொல்லுக்கு ஆதாரம் இருக்கிறதா என்பது வாசகர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற திருக்கோயில் கணக்கர்,
மயிலாடுதுறை மாவட்டம்.